நம் துறையை நடத்திய தனிநாயக அடிகளார்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் சேரும் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே தனிநாயக அடிகளாரின் பெயரைக் கேட்டுவிடுவார்கள். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியவர் என்ற ஒருவரித் தகவல் அது. தேர்வுக்குப் போதும். துறையின் பழைய மாணவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் எழுத விரும்புகிறேன்.

நம்மில் பலருக்கு ஒரு கூச்சம் உண்டு. எஸ்.பி.எம். வரைதான் தமிழ் படித்தோம், மற்றதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தோம், சங்க இலக்கியம் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்ற கூச்சம். அப்படிப்பட்டவர்கள் அடிகளாரின் இளமைக் காலத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1913 ஆகஸ்டு 2ஆம் நாள், யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் உள்ள கரம்பொன்னில் பிறந்தவர் அவர். தனிநாயகம் என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. முன்னோர் ஒருவரின் பெயரைப் பின்னாளில் அவரே ஏற்றுக்கொண்டார். பள்ளியில் ஆங்கில வழிக் கல்வி. பிறகு கொழும்பில் குருமடம், அதன்பின் உரோமாபுரி. 1938இல் குருப்பட்டம் பெற்று, இறையியலில் முனைவராகவும் ஆனார். இலத்தீனும் இத்தாலியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் கைவந்துவிட்டன. தமிழ் இலக்கியம் மட்டும் முறையாகப் படிக்கவில்லை.

1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியேற்றபோது அவருக்கு வயது 27 நெருங்கியிருந்தது. அங்கேதான் பண்டிதர் ஒருவரிடம் தமிழ் இலக்கண இலக்கியத்தை அடிப்படையிலிருந்து கற்கத் தொடங்கினார். ஐந்தாண்டு கழித்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகவே போய்ச் சேர்ந்தார். ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்ற 32 வயதுப் பாதிரியார், இருபது வயது இளைஞர்களோடு வகுப்பில் உட்கார்ந்து தொல்காப்பியமும் எட்டுத்தொகையும் படித்திருக்கிறார்! 1949 வரை அங்கிருந்து முதுகலையும், சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வுப் பட்டமும் முடித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தைரியம் வரும்.

தாமதமாகக் கற்றதில் ஒரு நன்மையும் இருந்தது என்பது என் கருத்து. கிரேக்கக் கவிதையையும் இலத்தீன் கவிதையையும் படித்த கண்ணோடு அவர் அகநானூற்றைப் பார்த்தார். இவ்வளவு பெரிய இலக்கியம் உலகப் பல்கலைக்கழகங்களில் பேசப்படவில்லையே என்ற வியப்பு அவருக்கு இயல்பாகவே எழுந்திருக்க வேண்டும். தமிழின் பெருமையை உள்நாட்டு மேடைகளில் முழங்குவதால் இது தீராது என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1949 தொடங்கி மலாயா, ஜப்பான், அமெரிக்கா எனப் பல நாடுகளில் சொற்பொழிவாற்றினார். 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ்ப் பண்பாட்டைத் தமிழர் பலர் படிக்க முடியாத மொழியில் எழுதுவதா என்று இன்றும் சிலர் கேட்கலாம். ஆனால் லெய்டனிலும் பிராகாவிலும் தனித்தனியே தமிழ் படித்துக்கொண்டிருந்த அறிஞர்களை எட்ட வேறு வழி இல்லை. அவ்விதழ் 1966 வரை வெளிவந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் அவர் ஐரோப்பிய நூலகங்களில் தேடிய தேடல் தனிக்கதை. 1554இல் லிசுபனில் அச்சான, உரோமன் எழுத்தில் தமிழ் வாசகங்களைக் கொண்ட சமயச் சிற்றேட்டை அங்கே நேரில் பார்த்து, அதைப் பற்றி எழுதித் தமிழுலகம் அறியச் செய்தார். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான, அந்தாவோ தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதி அது. 17ஆம் நூற்றாண்டில் மக்கள் நாவில் புழங்கிய தமிழை அறிய அது ஒரு புதையல்.

1961இல் நம் பல்கலைக்கழகம் அவரை இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக அழைத்தது. 1969 வரை இங்கிருந்தார். வத்திக்கானில் இருந்த அந்த அகராதி 1966இல் எங்கிருந்து மறுபதிப்பாக வந்தது தெரியுமா? கோலாலம்பூரிலிருந்து, நம் துறையின் வெளியீடாக! அதே ஆண்டில், தமிழ் பற்றிப் பிற மொழிகளில் வெளிவந்த நூல்களின் விவரப்பட்டியல் ஒன்றையும் அவர் இங்கே வெளியிட்டார். பட்டியல் தயாரிப்பது கைதட்டல் கிடைக்கும் வேலையன்று. எந்த நூல் யாரால் எப்போது எழுதப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் குமாஸ்தா வேலை போன்றது. அவருடைய சொற்பொழிவுகளைவிட இந்த வேலையையே நான் பெரிதாக மதிக்கிறேன். பாடம் நடத்துவதோடு ஒரு துறையின் கடமை முடியவில்லை, சிதறிக் கிடப்பதைத் திரட்டி அடுத்தவர் கையில் கொடுப்பதும் அதன் வேலை என்று அவர் செய்து காட்டினார்.

நூல்களைப் போலவே ஆட்களும் சிதறிக் கிடந்தார்கள். 1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆவது உலக மாநாடு கூடியது. அங்கு வந்திருந்தவர்களில் தமிழில் ஈடுபாடுடையவர்களை வ.அய். சுப்பிரமணியத்தோடு சேர்ந்து 7ஆம் நாள் தனியே கூட்டினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பாரிசைச் சேர்ந்த பிலியோசா தலைவர். பர்ரோ, எமனோ, கைப்பர் போன்றோர் துணைத் தலைவர்கள். செக்கோசுலவாக்கிய அறிஞர் கமில் சுவலபில்லும் அடிகளாரும் செயலாளர்கள். தலைமைப் பதவியைத் தமக்கு வைத்துக்கொள்ளாமல் கடிதம் எழுதும் பதவியை எடுத்துக்கொண்டதில் அவருடைய குணம் தெரிகிறது. மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். ஒரு நாட்டின் பிரதமர், அந்நாட்டில் சிறுபான்மையினர் பேசும் மொழியின் ஆராய்ச்சி மாநாட்டைத் தொடக்கி வைத்தது அன்றைக்குச் சாதாரணச் செய்தியன்று.

அண்ணா முதல்வராக இருந்தபோது 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாடு ஊர்வலமும் சிலைகளுமாக மக்கள் திருவிழாவாயிற்று. 1970இல் பாரிசில் நடந்த மூன்றாவது, அறிஞர்கள் மட்டும் கூடியது. இந்த இரண்டு முகங்களுக்கும் இடையிலான இழுபறி அதன் பின் நடந்த மாநாடுகளிலும் தொடர்ந்தது. சென்னை மாநாட்டில் எழுந்த எண்ணத்தின் பயனாக 1970இல் அங்கே உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றியது.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அவருடைய சொந்த மண்ணில், யாழ்ப்பாணத்தில். கொழும்பில் நடத்த வேண்டும் என்ற அரசின் விருப்பத்தை மீறி வித்தியானந்தன் முதலியோர் அதை யாழ்ப்பாணத்திலேயே நடத்தினர். ஆய்வரங்குகள் நல்லபடியாக நடந்தேறின. 10ஆம் நாள் இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன் பொதுக்கூட்டத்துக்குத் திரண்டிருந்த மக்கள்மீது காவல்துறை பாய்ந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். தமிழை உலக அரங்கில் ஏற்றத் தாம் தொடங்கிய ஒன்று, பிறந்த ஊருக்கு வந்தபோது இப்படி முடிந்ததை 60 வயதில் அவர் காண நேர்ந்தது.

அடிகளார் 1980 செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் காலமானார். வயது 67. நான்கு மாதம் கழித்து, 1981 ஜனவரியில், ஐந்தாவது மாநாடு மதுரையில் கூடியது.