ரஜனி திரணகம: எல்லாப் பக்கத்துச் சாவுகளையும் எழுதிவைத்தவர்

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 21 வரும்போது வைத்தியர் ரஜனி திரணகமவின் படம் பகிரப்படும். சுட்டது யார் என்ற வாதம் தொடங்கும், இரண்டு நாளில் அடங்கிவிடும். அந்த வாதத்துக்குள் அவர் வாழ்ந்த வாழ்க்கை காணாமற் போய்விடுகிறது. சாவதற்கு முந்திய இரண்டு வருடங்களில், சம்பளமோ பதவியோ இல்லாமல் அவர் செய்த வேலையைத்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன். நமக்கு இன்றும் தேவைப்படுவது அந்த வேலைதான்.

1954 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ரஜனி. நான்கு சகோதரிகளில் இரண்டாமவர். 1973 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனார். அங்கே மாணவர் அரசியலில் ஈடுபட்டு, களனிப் பல்கலைக்கழக மாணவரான தயாபால திரணகமவைச் சந்தித்தார். இருவரும் 1977 இல் திருமணம் செய்தார்கள். தமிழர் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்ட அதே வருடத்தில், ஒரு தமிழ்ப் பெண் சிங்களவரைக் கைப்பிடிப்பது இரண்டு பக்கத்திலும் இலகுவாக இருந்திருக்காது. அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

மலைநாட்டில் ஹல்துமுல்லையில் வைத்தியராகச் சில காலம் இருந்தபின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். 1982 இல் அவருடைய அக்கா நிர்மலா பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதானார். அக்காலத்தில் ரஜனி விடுதலைப் புலிகளின் காயப்பட்ட போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1983 இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போனார். அங்கிருந்து அக்காவின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தார். நாளடைவில் ஆயுத அரசியல் போகும் பாதை அவருக்குக் கசந்தது. ஆனால் மக்களைவிட்டு அவர் விலகவில்லை. பலர் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த 1986 இல், பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தார்.

அடுத்த வருடம் ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. தீபாவளி நாளான ஒக்டோபர் 21 இல் இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்தார்கள். நோயாளர்கள், வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வீடுகள் இடிந்தன, பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளானார்கள், பல்கலைக்கழகம் சேதமாகி மூடிக்கிடந்தது. அதை மீளத் திறக்க முன்னின்றவர்களில் ரஜனியும் ஒருவர்.

1988 இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை உருவானது. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், சிறீதரன் ஆகியோரோடு ரஜனியும் அதன் தூணாக இருந்தார். அலுவலகம், வாகனம், பாதுகாப்பு என்று எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை. விரிவுரை முடிந்ததும் சைக்கிளில் ஊர்களுக்குப் போவார்கள். பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் கண்டது என்று கேட்டு எழுதுவார்கள். கொன்றது இலங்கைப் படையா, இந்தியப் படையா, அதனோடு நின்ற குழுக்களா, புலிகளா என்று பார்த்து எவருடைய சாவையும் அவர்கள் ஒதுக்கவில்லை.

பொதுவாகப் பட்டியலுக்குள் வராதவர்களை உள்ளே கொண்டுவந்ததுதான் ரஜனியின் தனிப் பங்களிப்பு என்று நான் நினைக்கிறேன். ஒரு படை செய்த கொலை இன்னொரு தரப்புக்குப் பிரசாரமாகப் பயன்படும், அதனால் அது எழுதப்படும். வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணின் கதையை ஊரே மூடிமறைக்கும். இயக்க மோதலில் செத்த பொடியனின் தாய்க்கு அழவும் இடமில்லை. ரஜனி இவர்களிடம் போனார். போரில் பெண்கள் பட்ட பாட்டை எழுதினார். ஆதரவற்ற பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். நால்வரும் சேர்ந்து எழுதிய முறிந்த பனை என்ற நூல் அவர் இறந்தபின், 1990 இல் வெளிவந்தது.

போராட்டம் நடக்கும்போது நம்மவர் பிழையை எழுதுவது எதிரிக்குத் துணைபோவதாகாதா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். வலியிலிருந்து வரும் கேள்வி அது, அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனாலும் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரின் கையில் இருப்பது என்ன? ஒரு படம், ஒரு திகதி, கண்டவர் சொன்ன ஒரு சாட்சியம். உண்மையை எழுதிவைக்காத சமூகத்துக்கு நீதி கேட்கும்போது காட்டுவதற்கு எதுவும் இருக்காது. நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதிவைத்தால், மற்றதையும் எவரும் நம்பமாட்டார்கள்.

1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில், திருநெல்வேலியில் வைத்து ரஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. புலிகளே கொன்றார்கள் என்று அவரது தோழர்கள் எழுதினார்கள். எவரும் பொறுப்பேற்கவில்லை, எவரும் தண்டிக்கப்படவும் இல்லை. அச்சம் சூழ்ந்திருந்த அந்த நாட்களிலும் மாணவர்களும் ஆசிரியர்களும் அவருக்காக யாழ்ப்பாண வீதியில் ஊர்வலம் போனார்கள்.

அமைப்பினர் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. ஆனால் எழுதுவது நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். ராஜன் ஹூலுக்கும் சிறீதரனுக்கும் 2007 இல் மார்ட்டின் எனல்ஸ் விருது கிடைத்தது.

இன்று நம் ஊர்களில் சிவில் குழுக்களிலும் பெண்கள் அமைப்புகளிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சங்கங்களிலும் ஊதியமில்லாமல் வேலை செய்கிற பலர் இருக்கிறார்கள். அவர்களில் இளையவர்கள் பலருக்கு ரஜனியின் பெயர் தெரியாது. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கொப்பியை எடுத்துக்கொண்டு போகும்போது, ஊர் எவருடைய வீட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல்கிறதோ, அந்த வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.