ஆழ்கடல் கண்ட கூஸ்தோ

நிலத்திலும் வானிலும் தன் ஆற்றலை நிலைநாட்டிய மனிதன், கடலின் அடியைக் காண நெடுங்காலம் காத்திருந்தான். முத்தும் கடற்பஞ்சும் எடுப்போர் மூச்சடக்கி மூழ்கினர். ஆயினும் அவர்கள் அங்குத் தங்கும் பொழுது மிகச் சிறிதே. கனத்த தலைக்கவசமும் ஈயக் காலணியும் பூண்டு இறங்கியோர், மேலிருந்து காற்றைக் கொணரும் குழாயால் கட்டுண்டு, கடலின் தரையில் தள்ளாடி நடந்தனர். மீனைப்போல் தன் விருப்பம்போல் நீந்தி நீருள் உலவும் உரிமையை மனிதனுக்குப் பெற்றுத் தந்தவருள் முன்னிற்பவர் ஜாக் ஈவ் கூஸ்தோ ஆவார்.

இவர் 1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள், பிரெஞ்சு நாட்டில் போர்தோ நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். இளமையில் நலிந்த உடலினராயினும் நீந்துவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். 1930இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கடற்படை விமானியாக வேண்டும் என்பதே அவர் வேட்கை. ஆனால் 1936இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கைகள் இரண்டும் முறிந்தன. வானில் பறக்கும் கனவும் அதனோடு முறிந்தது. கைகள் வலுப்பெறும் பொருட்டுத் தூலோன் துறைமுகத்தருகே நாள்தோறும் நீந்தினார். பிலிப் டையே என்னும் நண்பர் அளித்த நீர்க்கண்ணாடியை அணிந்து ஒருநாள் நீருள் நோக்கினார். அன்று கண்ட காட்சி அவர் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது.

கடலுள் நெடும்பொழுது தங்குவது எங்ஙனம் என்பதே அதன்பின் அவர் சிந்தனையாயிற்று. நீருள் பத்து மீட்டர் இறங்குந்தோறும், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்திற்கு ஒப்பான அழுத்தம் ஒன்று உடல்மீது கூடும். ஆகவே உள்ளிழுக்கும் காற்றும் அவ்வாழத்திற்கேற்ற அழுத்தத்தோடு வருதல் வேண்டும். தூய பிராணவாயுவைக் கொண்டு மூழ்கிப் பார்த்தபோது வலிப்பு நோய் கண்டு உயிர் தப்பினார். பின்னர், 1942இன் இறுதியில், பாரிசில் எமில் கான்யான் என்னும் பொறியாளரைச் சந்தித்தார். போர்க்காலத்தில் பெட்ரோல் கிட்டாமையால், எரிவாயுவைக் கொண்டு மோட்டார் வண்டிகளை ஓட்டுதற்குரிய வால்வு ஒன்றைக் கான்யான் அமைத்திருந்தார். அதனையே நீருள் மூச்சுவிடுதற்கு ஏற்றவாறு இருவரும் திருத்தினர்.

முதற்சோதனை மார்ன் ஆற்றில் நிகழ்ந்தது. நிமிர்ந்து நின்றபோது காற்று வீணே பீறிட்டது, தலைகீழாகியபோதோ தடைப்பட்டது. பிறர் மனம் தளர்ந்திருப்பர். அவ்விருவரோ காரணத்தை ஆராய்ந்தனர். காற்று வரும் வழியும் வெளியேறும் வழியும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததே குறை எனக் கண்டு, இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைத்தனர். 1943 ஜூன் மாதம் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ அக்கருவியுடன் மூழ்கினார். அவர் மனைவியார் சிமோன் நீரின் மேற்பரப்பில் மிதந்து அவரைக் கண்காணித்தார். குட்டிக்கரணம் அடித்தும் தலைகீழாக நின்றும் பார்த்தார் கூஸ்தோ. காற்று தடையின்றி வந்தது.

பிரெஞ்சு நாட்டின் தென்கரையில் சுண்ணாம்புக் குன்றுகள் கடலோரத்தில் செங்குத்தாக நிற்கின்றன. அவை நீர்மட்டத்தோடு முடிவன அல்ல; நீரின் கீழும் சுவர்போல் இறங்குகின்றன. அச்சுவரின் மேற்பகுதியில் வெயில் படும் பாசிகளிடையே சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாய்த் திரியும். சற்றுக் கீழே பொந்துகளில் அஞ்சாலையும் பேய்க்கணவாயும் பதுங்கியிருக்கும். இன்னும் கீழே கடல்விசிறிகள் கிளைபரப்பி நிற்கும். நிழல் படிந்த குகைகளில் செம்பவளம் தழைக்கும். எனினும் செந்நிறத்தை நீர் முதலில் உறிஞ்சிவிடுவதால் ஆழத்தில் யாவும் நீலம் பூத்தே தோன்றும். விளக்கொன்றை ஏந்திச் செல்வோர்க்கு மட்டுமே, மங்கிக் கிடந்த சுவர் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சுடர்விட்டுத் தன்னைக் காட்டும்.

இவ்வுலகைக் காண்பதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1946இல் வோக்ளூஸ் என்னும் ஆழ்சுனையில் கூஸ்தோவும் அவர் தோழர் டூமாவும் மூழ்கியபோது அறிவு மயங்கிச் சாவின் வாயிலுக்குச் சென்று மீண்டனர். காற்றழுத்தும் பொறி தான் உமிழ்ந்த நச்சுப்புகையையே கலங்களில் நிரப்பியிருந்தது. அடுத்த ஆண்டு மோரிஸ் பார்க் என்னும் தோழர் ஏறத்தாழ 120 மீட்டர் ஆழம் சென்று உயிரிழந்தார். ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப்போல் அறிவை மயக்கும் என்பதை அவர்கள் இழப்பினால் உணர்ந்தனர்.

1950இல் போர்க்காலக் கப்பல் ஒன்று அவருக்கு ஆண்டுக்கு ஒரு பிராங்கு வாடகையில் கிடைத்தது. கலிப்சோ என்னும் அக்கப்பல் கடல் ஆராய்ச்சியின் மிதக்கும் கூடமாயிற்று. அதில் சென்று எடுத்த 'அமைதி உலகம்' என்னும் திரைப்படம் 1956இல் கான் விழாவில் தலையாய பரிசைப் பெற்றது.

ஆயினும் அப்படத்தில் ஒரு கறை உண்டு. மீன்களைக் கணக்கெடுக்கும் பொருட்டுப் பவளத்திட்டில் வெடி வைத்தனர். மீன்கள் செத்து மிதந்தன. சினத்தினால் சுறாக்களையும் அடித்துக் கொன்றனர். கடலின் வளம் குன்றாதது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. கூஸ்தோவும் முன்பு நீருள் ஈட்டியெறிந்து மீன் வேட்டையாடியவரே. ஆனால் மீன் நிறைந்திருந்த கரைகள் வறிதாவதைத் தம் கண்ணாலேயே கண்டார்; வேட்டைக்காரர் காவலரானார். 1960இல் கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்ட முயன்றபோது முன்னின்று எதிர்த்தார்; அத்திட்டம் கைவிடப்பட்டது. 1963இல் செங்கடலில், சூடான் நாட்டுக் கரையை அடுத்த பவளத்திட்டில் நீரடி வீடு அமைத்து, அதில் ஐவரை ஒரு திங்கள் தங்கச் செய்தார். 1973இல் கடலைக் காக்கத் தம் பெயரால் ஒரு கழகம் நிறுவினார். 1979இல் மகன் பிலிப் விமான விபத்தில் மாண்ட துயரும் அவர் பணியை நிறுத்தவில்லை. அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்டலாகாது என்று எண்பது வயதிலும் பல நாட்டுத் தலைவர்களிடம் வாதாடினார். அதனைத் தடுக்கும் உடன்படிக்கை 1991இல் கையெழுத்தாயிற்று. 1997 ஜூன் 25ஆம் நாள் பாரிசில் அவர் உயிர் நீத்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

கருவி மனிதனுக்கு வழியைத் திறக்கும். அவ்வழியே சென்று அழிப்பதா காப்பதா என்பதை அவன் உள்ளமே முடிவு செய்யும். தாம் செய்த பிழையைத் தாமே உணர்ந்து திருந்தியமையே, கருவியைக் கண்டதினும் மேலான கூஸ்தோவின் பெருமை எனலாம். மங்கிய சுவரில் விளக்கைக் காட்டி மறைந்த நிறங்களை அவர் உலகிற்கு உணர்த்தினார். அந்நிறங்கள் அழியாவாறு காக்கும் கடமை நம்முடையதாகும்.