பலாங்கொடையிலிருந்து பொஸ்டன் வரை: ஆனந்த குமாரசுவாமி எனும் உலகத் தமிழர்

கொழும்பில் ஆண்டுதோறும் 'கலா பொல' ஓவியச் சந்தை நடக்கும் வீதியைப் பலர் இன்னமும் 'கிரீன் பாத்' என்றே சொல்கிறார்கள். பெயர்ப்பலகையில் இருப்பதோ ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. பெயர் நிலைத்த அளவுக்கு, அந்தப் பெயருக்குரியவரின் கதை நம்மிடையே நிலைக்கவில்லை.

1877 ஓகஸ்ட் 22 இல் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தந்தை சேர் முத்து குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் ஆனந்தவுக்கு அத்தை மக்கள். குழந்தைக்கு இரண்டு வயதாகுமுன் தாய் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பின்னால் வரவிருந்த தந்தை 1879 இல் கொழும்பிலேயே காலமானார். ஆகவே ஆனந்த வளர்ந்தது முழுக்க ஆங்கிலச் சூழலில்தான்.

லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்த அவர், 1903 இல் இலங்கையின் கனிமவள ஆய்வுப் பணிப்பாளராகத் திரும்பி வந்தார். அக்காலத்தில் சபரகமுவவின் பலாங்கொடைப் பகுதியில், இரத்தினக்கல் மணலோடு கனமான கரிய கனிமம் ஒன்று கிடைத்தது. அவரது ஆய்வுப் பணியின் ஊடாக அது அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்தது. லண்டனில் பகுத்தாய்ந்தபோது தோரியம் நிறைந்த புதிய கனிமம் எனத் தெரியவர, 1904 இல் 'தோரியனைட்' எனப் பெயரிடப்பட்டது. அடுத்த ஆண்டு, லண்டனில் பணியாற்றிய இளம் ஜேர்மன் வேதியியலாளர் ஒட்டோ ஹான், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெறப்பட்ட மாதிரியில் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். கதிரியக்க ஆய்வில் அவரது முதல் கண்டுபிடிப்பு அது. 1938 இல் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும் இதே ஹான்தான்.

கனிமம் தேடி ஊரூராகப் போன குமாரசுவாமியின் கண்ணில் பட்டது கல் மட்டுமல்ல. கண்டிய நாட்டுக் கொல்லர்களும் குயவர்களும் நெசவாளர்களும் ஓவியர்களும் பரம்பரைத் தொழிலை இழந்துகொண்டிருந்தார்கள். அரசனும் விகாரையும் தந்த ஆதரவு போய்விட, இறக்குமதிப் பண்டங்கள் சந்தையை நிறைத்திருந்தன. அவரும் மனைவி எதெலும் கிராமம் கிராமமாகச் சென்று, தொழில் முறைகளையும் கருவிகளையும் வடிவங்களையும் பதிவுசெய்தார்கள். எதெல் பின்னாளில் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறி மறுமலர்ச்சிக்கு முன்னோடியானவர்.

அந்தப் பதிவே 1908 இல் வெளியான 'மத்தியகாலச் சிங்களக் கலை'. வில்லியம் மொரிஸ் தன் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட கையச்சு இயந்திரத்திலேயே இந்நூலும் அச்சாகியது. வெளிவந்தவை 425 பிரதிகள் மட்டுமே. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர், சிங்களக் கைவினைஞர்களுக்காக எழுதிய நூல் அது. எந்த இனத்தின் சொத்து எது என்று கணக்குப் பார்க்கும் நம் காலத்துக்கு இது விளங்குவது கடினம்.

இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்ததிலும் அவருக்கு முக்கிய பங்குண்டு. பிள்ளைகள் தாய்மொழியில் கற்கவேண்டும், மேற்கத்தைய உடையையும் பழக்கத்தையும் கண்மூடிப் பின்பற்றக்கூடாது என்பவை அதன் கோரிக்கைகள். தமிழும் சிங்களமும் தழைக்காமல் இந்தத் தீவுக்கு விடிவில்லை என்பது அவரது நிலைப்பாடு. அது அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த ஒருமொழிச் சட்டத்தின் அரசியலிலிருந்து வெகுதூரம் விலகியது.

இந்தியாவில் தான் திரட்டிய கலைச்செல்வங்களைக் கொண்டு காசியில் ஒரு நூதனசாலை அமைக்க அவர் விரும்பினார், கைகூடவில்லை. முதலாம் உலகப் போரில் இந்தியர்கள் பிரித்தானியப் படையில் சேர்வதை எதிர்த்ததால் அரசின் வெறுப்புக்கும் ஆளானார். 1917 இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலை அவரையும் அவரது சேகரிப்பையும் ஏற்றுக்கொண்டது. மறைவு வரை, முப்பது ஆண்டுகள் அவர் பணியாற்றியது அங்கேதான்.

1918 இல் நூலாக வெளிவந்த 'சிவ நடனம்', நடராசர் வடிவத்தை மேற்குலகுக்கு விளக்கியது. அதன் தலைப்புக் கட்டுரை ஏற்கெனவே 1912 இல், சைவ சித்தாந்த ஏடான 'சித்தாந்த தீபிகை'யில் வெளியாகியிருந்தது. உலகம் வாசித்த அக்கட்டுரை முதலில் போய்ச் சேர்ந்தது சைவ வாசகர்களிடம்தான்.

எழுபதாவது பிறந்தநாளின்போது, ஓய்வுபெற்று இந்தியாவுக்குத் திரும்பப்போவதாக அறிவித்தார். மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. 1947 செப்டெம்பர் 9 இல், மெசாசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் நகரில் காலமானார். இலங்கை சுதந்திரமடைய ஐந்து மாதங்களே இருந்தன.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் அணு ஆய்வு நிலைய வளாகத்தில், 2004 இல் இந்தியா அன்பளித்த நடராசர் சிலை நிற்கிறது. அதனருகே உள்ள பலகையில் குமாரசுவாமியின் விளக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. பலாங்கொடைக் கருங்கனிமத்தோடு தொடங்கிய ஒருவரின் சொற்கள் அணுவியலாளர்களின் முற்றத்தில் வாசிக்கப்படுகின்றன. அவர் பிறந்த நாட்டிலோ, தமிழர் அவரைச் சைவ அறிஞராகவும் சிங்களவர் கண்டியக் கலையின் ஆய்வாளராகவும் பங்குபோட்டுக் கொள்கிறார்கள். முழு மனிதரை வாசிக்க இரு தரப்பும் இன்னும் தொடங்கவில்லை.