லைன் ஏன் பிஸி? நெரிசலுக்குக் கணக்குப் போட்ட எர்லாங்கின் கதை

பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினால் உங்களுக்கு இரண்டு வழி. பாரிட் ராஜா வழியாக ஆயர் ஹீத்தாம் போய் நெடுஞ்சாலையில் ஏறலாம். இல்லையென்றால் செங்காராங், ரெங்கிட், பெனுட், பொந்தியான் என்று கடலோரச் சாலையைப் பிடிக்கலாம். தீபாவளி விடுமுறை முடிந்து எல்லாரும் ஒரே மாலையில் திரும்பும்போது எது சீக்கிரம்?

உங்கள் வாட்ஸ்அப் செய்திக்கும் இதே கேள்விதான். கம்பிகள் பல, வழிகள் பல. எதில் அனுப்பினால் நெரிசல் குறையும்?

இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் இணையத்தைப் பார்த்ததே இல்லை. 1929இல் மறைந்துவிட்டார். பெயர் ஆக்னர் க்ராரப் எர்லாங்.

யார் இவர்?

1878 ஜனவரி 1ஆம் தேதி, டென்மார்க்கின் ஜட்லண்ட் பகுதியில் லோன்போர்க் என்ற கிராமத்தில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டில் பிறந்தார் எர்லாங். சின்ன வயதிலிருந்தே புத்தகமே கதி. சகோதரர் மேசையில் புத்தகத்தை விரித்தால் இவர் எதிரே உட்கார்ந்து அதே பக்கத்தைத் தலைகீழாகவே படித்துவிடுவாராம்.

பல்கலைக்கழகத்தின் முதல்நிலைத் தேர்வை 14 வயதில், சிறப்பு அனுமதி பெற்று எழுதித் தேறினார். ஊருக்குத் திரும்பி, அப்பாவின் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உதவிப் பணம் கிடைத்து கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1901இல் பட்டம் பெற்றார். அடுத்த ஏழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை.

ஆனால் கணிதத்தை மட்டும் விடவில்லை. டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் போனார். அங்கேதான் யோஹான் யென்சன் அறிமுகமானார். யென்சனுக்குக் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளர் வேலை. கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனாலும் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு சமனின்மை அவர் பெயரில்தான் இருக்கிறது! அந்தப் பழக்கத்தால் 1908இல் எர்லாங் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார்.

தொலைபேசி நிறுவனத்தில் கணிதருக்கு என்ன வேலை?

அந்தக் காலத்தில் நீங்கள் ஒருவரை அழைத்தால், நிலையத்தில் இருக்கும் பெண் ஊழியர் ஒரு கம்பியை எடுத்துப் பலகையில் செருகி இணைப்புக் கொடுப்பார். எல்லாக் கம்பியும் உபயோகத்தில் இருந்தால்? உங்கள் அழைப்பு போகாது. அவ்வளவுதான்.

நிறுவனத்துக்கு இது தலைவலி. கூடுதல் லைன் போட்டால் செம்புக் கம்பிக்கும் ஆள் சம்பளத்துக்கும் பணம் கரையும். குறைத்தால் டாக்டரைக் கூப்பிட நினைப்பவருக்கு லைன் கிடைக்காது. எத்தனை லைன் போதும்? அனுபவத்தை வைத்துத் தோராயமாகச் சொல்வார்கள். எர்லாங் அதைக் கணக்காக மாற்றினார்.

அறைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்று நினைக்காதீங்க. கம்பிகளில் கசியும் மின்சாரத்தை அளக்கத் தெருவில் இருக்கும் பாதாளக் குழிகளில் இறங்குவார். பின்னாலேயே ஒரு தொழிலாளி ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

2 லைன், 40 அழைப்பு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராமத்திலிருந்து வெளியூருக்கு மணிக்குச் சராசரியாக 40 அழைப்பு. ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். மொத்தம் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரப் பேச்சு. அப்படியென்றால் 2 லைன் போதும்தானே?

போதாது. மக்கள் வரிசை வைத்து ஒருவர் பின் ஒருவராக அழைப்பதில்லை. சில நிமிடம் யாரும் அழைக்க மாட்டார்கள். திடீரென்று ஐந்து பேர் ஒன்றாக அழைப்பார்கள். எர்லாங் 1909இல் எழுதிய கட்டுரையில், இந்தத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். 1917இல் வந்த கட்டுரையில் அவருடைய புகழ்பெற்ற சூத்திரம் இருக்கிறது.

அந்தச் சூத்திரத்தில் நம்முடைய கிராமத்தைப் போட்டுப் பார்த்தால்:

• 2 லைன் இருந்தால் 40 விழுக்காடு அழைப்புகள் போகாது
• 3 லைன் இருந்தால் 21 விழுக்காடு
• 4 லைன் இருந்தால் 9.5 விழுக்காடு
• 5 லைன் இருந்தால் 3.7 விழுக்காடு
• 6 லைன் இருந்தால் 1.2 விழுக்காடு

கவனிச்சீங்களா? கடைசியில் ஒரே ஒரு லைன் கூட்டினால் தோல்வி மூன்றில் ஒரு பங்காகிறது. நெரிசல் என்பது லைன் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் கூடுவதோ குறைவதோ இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இரண்டு கிராமங்கள் தனித்தனியாக 5 லைன் வைத்திருந்தால் இரண்டிலும் 3.7 விழுக்காடு தோல்வி. அதே 10 லைனை இரண்டும் பகிர்ந்துகொண்டால் தோல்வி சுமார் 0.5 விழுக்காடுதான். புதிதாக ஒரு கம்பியும் போடவில்லை. ஒரு பக்கம் நிரம்பும்போது மறுபக்கத்தில் காலி இடம் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவே.

மாற்று வழி எப்போதும் நல்லதா?

நேர்வழி நிரம்பினால் மாற்று வழியில் அனுப்பு என்ற யோசனை இந்தப் பகிர்வின் நீட்சிதான். எர்லாங்குக்குப் பின் வந்த பொறியாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது.

சுற்றுவழியில் போகும் அழைப்பு ஒன்றுக்குப் பதில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண நாளில் பரவாயில்லை. பண்டிகை நாளில் எல்லாரும் சுற்றினால், நேர்வழியில் போக வேண்டியவர்களுக்கும் இடம் இருக்காது. அவர்களும் சுற்றுவார்கள். கடைசியில் வலையமைப்பே திணறும். அதனால் ஒவ்வொரு வழியிலும் சில லைன்களை நேராகப் போகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள்.

இணையத்தில் அழைப்பு தடுக்கப்படுவதில்லை. தரவுப் பொட்டலங்கள் ரூட்டரில் வரிசை கட்டி நிற்கும். எர்லாங் காத்திருப்பு நேரத்துக்கும் கணக்குப் போட்டிருந்தார். அவர் தொடங்கிய வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்குப்படி, பாதை பாதி நிரம்பியிருந்தால் பயண நேரம் இரண்டு மடங்கு. 90 விழுக்காடு நிரம்பினால் பத்து மடங்கு! 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லெனார்ட் கிளைன்ராக் அந்தக் கோட்பாட்டைத்தான் கணினி வலையமைப்புக்குக் கொண்டுவந்தார்.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் இன்னொரு பாடம் சொன்னது. தாமதம் குறைவான வழியை ரூட்டர்கள் தேடியபோது, எல்லாப் போக்குவரத்தும் காலியான பாதைக்குத் தாவியது. உடனே அது நிரம்பி, பழைய பாதை காலியானது. மறுபடியும் தாவல். 1987இல் கணக்கை மாற்றி, இந்த ஊசலாட்டத்தைத் தணித்தார்கள். ஆயர் ஹீத்தாமில் நெரிசல் என்று எல்லாரும் பொந்தியான் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க, புரியும்.

சின்ன மொழி, பெரிய வேலை

எர்லாங் டேனிஷ் மொழியில் எழுதினார். உலகத்தில் கொஞ்சம் பேர் மட்டும் பேசும் மொழி அது. இருந்தும் அவர் சூத்திரத்தைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறை எடுத்துக்கொண்டது. அவரை மூலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகவே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் டேனிஷ் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். வேலை தரமாக இருந்தால் மொழி தடையாகாது.

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அதே நிறுவனத்தில் உழைத்தார். 1929 பிப்ரவரி 3ஆம் தேதி, 51 வயதில் காலமானார்.

பெயர் மட்டும் நிற்கவில்லை. 1946இல் அனைத்துலகத் தொலைபேசிக் குழு, போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்று பெயர் வைத்தது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் அது 1 எர்லாங். நம்முடைய கிராமத்தின் கணக்கு 2 எர்லாங். பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமோ வேறு எந்த ஊரோ, நாளைக்கு நீங்கள் தொலைத்தொடர்பு படிக்கப் போனால் இந்த அலகைச் சந்திப்பீர்கள்.

1980களில் எரிக்சன் நிறுவனம் தொலைபேசி நிலையங்களுக்காக ஒரு கணினி மொழியை உருவாக்கியது. அதன் பெயரும் எர்லாங். வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன.