எஃகுக் கோலும் கிதாரும்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, எக்கண்டத்தினின்றும் நெடுந்தொலைவில், ஹவாய் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. கிதார் என்னும் நரம்புக்கருவி அத்தீவுகளில் தோன்றியதன்று. 1830ஐ அடுத்த ஆண்டுகளில், அங்கே பெருகித் திரிந்த காட்டு மாடுகளைப் பிடித்து அடக்குதற்பொருட்டு, மெக்சிகோ நாட்டு மாடு மேய்ப்போரை அத்தீவின் அரசர் வரவழைத்தார். அவர்கள் கொணர்ந்த கிதாரைத் தீவு மக்கள் விரும்பி ஏற்றனர். தம் பாடல்களுக்கு ஏற்ப நரம்புகளைத் தளர்த்திச் சுருதி கூட்டிக்கொண்டனர். அக்கருவியை மடியிற் கிடத்தி, மேலை நாட்டார் அதுவரை கேட்டிராத இன்னோசையை அதனின்றும் எழுப்பியவர் ஜோசப் கெக்குக்கு ஆவார்.

கெக்குக்கு 1874ஆம் ஆண்டில், ஓவாகு தீவின் வடகீழ்க் கரையிலுள்ள லாயி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய முழுப்பெயர் ஒரே மூச்சிற் சொல்லி முடித்தற்கு அரியது. அத்தீவுகளை ஒன்றுபடுத்திய கமேகமேகா மன்னரின் பெயரும் அதனுள் அடங்கியிருந்தது. அந்நெடும் பெயரின் ஒரு துண்டே பின்னர் உலகினர் அவரை அழைக்கும் பெயராயிற்று. 1889ஆம் ஆண்டில் அவர் ஹொனலூலு நகரிலிருந்த கமேகமேகா பள்ளியிற் சேர்ந்து, விடுதியில் தங்கிப் பயின்றார். அரச குலத்துப் பெண்மணியொருவர் தம் நிலங்களையெல்லாம் தம் மக்களின் கல்விக்கென எழுதிவைக்க, அதனால் 1887இல் எழுந்த பள்ளி அது. ஏட்டுக்கல்வியோடு கைத்தொழிலும் அங்கே கற்பிக்கப்பட்டது. அது கெக்குக்குவிற்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை இனிக் காண்போம்.

புதிய ஓசை எவ்வாறு பிறந்தது என்பது பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன. இருப்புப்பாதையோரமாக நடந்து செல்கையில் கீழே கிடந்த இரும்பு ஆணியொன்றை எடுத்து நரம்பின்மேல் உராய்ந்தார் என்பர் ஒரு சாரார். சட்டைப்பையிலிருந்த சீப்பு நழுவி நரம்பின்மேல் வீழ்ந்தது என்பர் மற்றொரு சாரார். எது மெய்யாயினும், ஓசை தற்செயலாக ஒருமுறை எழுவது வேறு. அதனை வேண்டும்போதெல்லாம் வேண்டியவாறு எழுப்புவது வேறு. பின்னதுதான் அரிய செயல்.

சாதாரணக் கிதாரில் விரலால் நரம்பை மெட்டுக்களின்மேல் அழுத்துவர். அதனால் ஒலி படிப்படியாக ஏறி இறங்கும். நரம்பை அழுத்தாமல் அதன்மேல் ஓர் இரும்பை வைத்து நகர்த்தினாலோ, ஒலி ஒரு சுரத்தினின்றும் மற்றொன்றற்கு இடையறாது வழுக்கிச் செல்லும். மனிதக் குரல் போல நெகிழும், நடுங்கும். நம் நாட்டுக் கோட்டுவாத்தியத்தைக் கேட்டறிந்தார்க்கு இதன் இனிமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இதில் இடர்ப்பாடுகள் பல இருந்தன. நரம்புகள் தாழ்ந்திருந்தமையால் இரும்பு மெட்டுக்களின்மேல் மோதிக் கலகலத்தது. ஆட்டின் குடலாலான நரம்புகளில் ஒலி நெடிது நில்லாமல் மங்கியது. மெட்டுக்களின் துணையும் இல்லாமையால், ஒரு மயிரிழை பிசகினும் சுரம் கெட்டது, செவியொன்றே வழிகாட்டி.

இவற்றையெல்லாம் கெக்குக்கு ஒவ்வொன்றாக வென்றார். முதலிற் கத்தியின் முதுகைக்கொண்டு வாசித்துப் பார்த்தார். பின்னர்ப் பள்ளியின் தொழிற்கூடத்திலேயே கைக்கு அடங்கிய எஃகுக் கோலொன்றைச் செய்துகொண்டார். குடல் நரம்புகளை நீக்கிக் கம்பிகளைப் பூட்டினார். அவை மெட்டுக்களைத் தொடாவண்ணம் மேலே உயர்த்தினார். முறை முற்றும் கைவர ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆயின. கற்றதை அவர் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. உடன் பயின்ற மாணவர்கள் அவரைப் பார்த்துக் கற்றனர். அவர்கள் வாயிலாகத் தீவுகளெங்கும் அம்முறை பரவிற்று.

கெக்குக்குவே முதல்வர் அல்லர் என்று வழக்காடுவாரும் உளர். இந்தியாவில் பிறந்து, கப்பல் தலைவனொருவனாற் கவர்ந்து செல்லப்பட்டு ஹொனலூலுவை அடைந்த கேப்ரியல் டேவியன் என்பார், அவருக்கு முன்னரே நரம்பின்மேற் பொருளை நகர்த்தி வாசித்தார் என்பர். இருக்கலாம். எனினும் கோலைச் செப்பஞ்செய்து, கருவியைத் திருத்தி, பிறர் கற்கத்தக்க ஒரு கலையாக அதனை ஆக்கியவர் கெக்குக்குவே என்பது பெரும்பாலார் கொள்கை.

அவர் ஏழாண்டுகள் பயின்ற அக்காலத்தே நாடு பெருந்துன்பத்துக்கு ஆளாயிற்று. 1893இல் லிலியுகலானி அரசியார் அரியணையினின்றும் நீக்கப்பட்டார். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி எனச் சட்டம் பிறந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. அரசு போயிற்று, மொழி பள்ளிக்கு வெளியே நின்றது, இசை ஒன்றே எவராலும் பறிக்கப்படாமல் கலைஞர்களோடு கடல் கடந்தது.

1904ஆம் ஆண்டில், முப்பது வயதை எட்டும் பருவத்தில், கெக்குக்கு அமெரிக்க நாட்டிற்குக் கப்பலேறினார். பிறந்த மண்ணை அவர் பின்னர் மிதிக்கவேயில்லை. ஊர் ஊராகச் சென்று வாசித்தார், விரும்பியவர்க்குக் கற்பித்தார். 1909இல் சியாட்டில் நகரப் பெரும் பொருட்காட்சியில் மக்கள் அவருடைய இசையைக் கேட்டனர். 1919 முதல் எட்டாண்டுகள், சொர்க்கப் பறவை என்னும் பொருள்படும் பெயருடைய இசை நாடகக் குழுவோடு ஐரோப்பிய நாடுகளிற் சுற்றினார். அந்நாடகத்தில் ஹவாய்ப் பெண்ணொருத்தி எரிமலையில் வீழ்ந்து மாய்கின்றாள். தீவு மக்களின் மெய்யான வாழ்வை அது காட்டியதென்று சொல்வதற்கில்லை. அயலார் காண விரும்பிய ஹவாயையே காட்டியது. ஆனால் அதனூடே ஒலித்த எஃகுக் கோலின் இசையில் பொய் இல்லை.

ஐரோப்பாவினின்றும் மீண்ட பின்னர்ச் சிக்காகோவில் இசைப்பள்ளி நடத்தினார். அதன்பின் நியூ ஜெர்சி மாநிலத்து டோவர் நகரில் குடியேறினார். 1932ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள், மூளையில் குருதி கசிந்தமையால், ஐம்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார். டோவர் நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மின்னாற்றலால் ஒலி பெருக்கும் ஸ்டீல் கிதார் விற்பனைக்கு வந்தது அதே 1932ஆம் ஆண்டில்தான். அதனைக் கெக்குக்கு கேட்கவில்லை. அவர் வாழ்நாளிலேயே அமெரிக்க நாட்டுப்புற மக்களின் பாடலுக்குள் அவ்வோசை புகத் தொடங்கியிருந்தது; ஜிம்மி ராஜர்ஸ் என்னும் புகழ்பெற்ற பாடகர் 1929இல் ஜோ கைப்போ என்னும் ஹவாய்க் கலைஞரின் ஸ்டீல் கிதாரோடு பாடி இசைத்தட்டு வெளியிட்டார். 1935இல் பாப் டன் மின் ஸ்டீல் கிதாரை டெக்சாசு மாநிலத்து ஆடலரங்க இசையில் முழங்கச் செய்தார். 1954இல் பட் ஐசக்ஸ், காலால் மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றும் கிதாரை வாசித்த பாடலொன்று நாடெங்கும் பரவியது. கண்ட்ரி இசை என வழங்கும் அப்பாடல்களில், மாடு மேய்ப்போரின் தனிமையும் பிரிவும் பாடப்படும்போதெல்லாம் ஸ்டீல் கிதாரே உடன் நின்று விம்முகின்றது. மாடு மேய்ப்போர் ஹவாய்க்குக் கொண்டு சென்ற கிதார், நூறாண்டுகள் கழிந்தபின் மாடு மேய்ப்போரின் பாட்டுக்கே புதுக்குரலோடு திரும்பி வந்தது!

அப்பாடல்களைக் கேட்டோருட் பலர் கெக்குக்கு என்னும் பெயரை அறியார். 1993இல் ஸ்டீல் கிதார்க் கலைஞர்களின் புகழ்மன்றம் அவர் பெயரைத் தன் வரிசையிற் சேர்த்தது. லாயியில் இப்போது அவருக்குச் சிலையுண்டு. அவர் துயிலும் இடமோ கடலுக்கு அப்பால், டோவரிலேயே இருக்கின்றது.