தந்திக் கம்பி போட்ட வைத்தியர்

வாசலில் தந்திச் சேவகன் வந்து நின்றால் வீடே பதறிய காலம் ஒன்று இருந்தது. பிறப்பு, இறப்பு, வேலை உத்தரவு எல்லாம் தந்தியில் வந்தன. அந்தத் தந்தியை இந்தியாவில் அமைத்தவர் யார் தெரியுமா? என்ஜினீயர் அல்ல, ஒரு வைத்தியர்!

அவர் பெயர் வில்லியம் ஓஷாக்னெசி. அயர்லாந்து நாட்டில் லிமெரிக் என்ற ஊரில் பிறந்தார். எடின்பரோ நகரில் வைத்தியம் படித்து, 1829-ல் பட்டம் பெற்றார்.

உயிர் காக்கும் உப்பு நீர்

1831-ல் இங்கிலாந்தில் காலரா பரவியது. மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டனர். ஓஷாக்னெசி நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் தண்ணீரும் உப்பும் வெகுவாகக் குறைந்திருந்தன. குறைந்ததைத் திரும்ப உடலில் செலுத்த வேண்டும் என்று அவர் கூறினார். 1832-ல் தாமஸ் லாட்டா என்ற வைத்தியர் நோயாளிகளின் இரத்தக் குழாயில் உப்பு நீரை ஏற்றினார். சாகக் கிடந்தவர்களில் சிலர் பிழைத்தனர்! இன்று ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் சலைனுக்கு அதுவே ஆரம்பம்.

1833-ல் ஓஷாக்னெசி கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பெற்றுக் கல்கத்தா வந்தார். அங்கே மருத்துவக் கல்லூரியில் ரசாயன ஆசிரியர் ஆனார்.

மூங்கில் மேல் கம்பி

1839-ல் அவர் மூங்கில்களை நட்டுக் கம்பி கட்டினார். கம்பி வழியே மின்சாரம் விட்டார். மறுமுனையில் இருப்பவரின் விரலில் சுருக்கென்று மெல்லிய அதிர்ச்சி தட்டும். அதுதான் செய்தி! சோதனை வெற்றி பெற்றது. ஆனால் சர்க்கார் அதைக் கவனிக்கவில்லை. பத்து ஆண்டுகள் வீணாயின.

டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்த பிறகே கதவு திறந்தது. 1850-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை, சுமார் 30 மைல் தூரத்துக்குக் கம்பி போட உத்தரவு கிடைத்தது. மெல்லிய கம்பி இங்கே உதவாது என்று ஓஷாக்னெசி கண்டார். மழை, புயல், குரங்கு, பறவை எல்லாவற்றையும் அது தாங்க வேண்டுமே! ஆகவே கனமான இரும்புக் கம்பிகளைப் பயன்படுத்தினார். அவருக்கு வலக்கையாக இருந்தவர் ஷிப் சந்திர நந்தி என்ற வங்காளி. டயமண்ட் ஹார்பரிலிருந்து முதல் செய்தியை அனுப்பியவர் அவரே.

1852-ல் பர்மாவில் போர் நடந்தது. ரங்கூன் பிடிபட்ட செய்தியைக் கப்பல் கொண்டுவந்தது. கப்பல் கல்கத்தா வந்து சேருமுன்பே கம்பி வழியே செய்தி வந்துவிட்டது! டல்ஹௌசிக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. ஓஷாக்னெசி தந்தி இலாகாவின் தலைவர் ஆனார்.

ஐந்தே மாதம்

1853 நவம்பரில் வேலை தொடங்கியது. 1854 மார்ச்சில், சுமார் 800 மைல் தூரத்திலுள்ள ஆக்ராவைக் கம்பி எட்டியது. பம்பாயும் சென்னையும் இணைந்தன. 1855-ல் பொதுமக்களும் தந்தி அனுப்ப வழி பிறந்தது. மறு ஆண்டு அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

ஆனால் கம்பி யார் கையில் இருந்தது? ஆள்பவர் கையில்! 1857-ல் சிப்பாய்கள் புரட்சி செய்தனர். டில்லியிலிருந்து அம்பாலாவுக்குப் பறந்த தந்தி, வெள்ளைக்காரர்களை முன்கூட்டியே எச்சரித்தது. புரட்சிக்காரர்கள் பல இடங்களில் கம்பியை அறுத்தெறிந்தனர். நோயாளியைக் காக்கப் படித்தவர் போட்ட கம்பி, ஓர் அரசைக் காக்கும் ஆயுதம் ஆயிற்று.

ஓஷாக்னெசி பின்னர் தாய்நாட்டுப் பக்கம் திரும்பினார். 1889-ல் இங்கிலாந்தில் காலமானார்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நிறுத்தப்பட்டது. அவர் போட்ட கம்பிக்கு வேலை முடிந்தது. ஆனால் இளம் வயதில் அவர் சொன்ன உப்பு நீர் வைத்தியம் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்களின் அருகே அது இன்றும் சொட்டுச் சொட்டாக இறங்கி உயிர் காக்கிறது.