கரிசல் மண் தந்த கப்பலோட்டி

கப்பலோட்டியவர் என்றதும் கடற்கரையில் பிறந்து அலைகளோடு விளையாடி வளர்ந்த ஒருவரையே நாம் எண்ணிப் பார்ப்போம். ஆனால் கப்பலோட்டிய தமிழன் என்று நாடு போற்றும் வ.உ.சிதம்பரம் பிள்ளை, நம் நாகலாபுரத்தைப் போலவே வானம் பார்த்த பூமியாகிய ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அவர் சுக்கான் பிடித்த மாலுமி அல்லர்; சட்டம் பயின்ற வழக்கறிஞர். அவர் ஏன் கப்பல் வாங்கினார், அதற்காக எதை எதை இழந்தார் என்பதை இங்கே காண்போம்.

உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாக 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் வ.உ.சி. பிறந்தார். வழக்கறிஞர் தேர்வில் வெற்றி பெற்றுச் சொந்த ஊரில் தொழில் நடத்திய பின், 1900இல் தூத்துக்குடியில் குடியேறினார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. அவர்கள் கேட்டதே கட்டணம். கடலில் நமக்கென்று ஒரு கப்பல் இல்லாதவரை வணிகத்தில் விடுதலை இல்லை என்று வ.உ.சி. உணர்ந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பல்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு முறிந்தது. வ.உ.சி. கலங்கவில்லை. இலங்கையிலிருந்து வாடகைக் கப்பல் கொண்டுவந்தார். 1907இல் கேலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாகவே வாங்கப்பட்டன. கேலியாவில் சுமார் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் செல்ல இடமிருந்தது.

பிறகு தொடங்கியது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் சென்றதோடு, பயணிகளுக்குக் குடையும் கொடுத்தார்கள்! இலவசக் குடையின் நிழலில் எத்தனையோ பேர் ஒதுங்கினர். சுதேசிக் கப்பல்களில் கூட்டம் குறைந்தது.

வ.உ.சி.யின் உள்ளம் கப்பலோடு நின்றுவிடவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணை நின்று வெற்றி தேடித் தந்தார். ஆட்சியாளர் பொறுப்பார்களா? மார்ச் 12ஆம் நாள் சுப்பிரமணிய சிவாவுடன் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். அதைக் கேட்ட அவருடைய தம்பி சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அந்த வழக்கறிஞர் இழுத்தார்.

அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ, அதே கம்பெனிக்குச் சுதேசிக் கப்பல் விற்கப்பட்டது. செக்கிழுத்த வேதனையினும் இச்செய்தியே அவர் நெஞ்சை அதிகம் வருத்தியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபோது அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் திரளவில்லை. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி அவ்வுரிமையை மீட்டுத் தந்தார். அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். அவர் எதிர்த்தது அநீதியைத்தான். ஆங்கிலேய மனிதர்களை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிற்காலத்தில் நம் கோவில்பட்டியிலும் அவர் வழக்கறிஞராகப் பணியாற்றினார். வறுமையிலும் தமிழை விடவில்லை. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார். 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பு மாணவிகளே, அவருடைய கப்பலை மூழ்கடித்தது புயல் அன்று. இலவசத்திற்கு மயங்கியவர்களும், இடர் வந்ததும் ஒதுங்கியவர்களும் அதற்குக் காரணம். நமக்காக ஒருவர் உழைக்கும்போது, அவர் வாழும் காலத்திலேயே துணை நிற்போம். அதுவே கரிசல் மண்ணின் மக்களாகிய நாம் அவருக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.